உறைக்கை

காலையில் எழுந்தால் காபிக்கு முன்னால் கை காட்ட வேண்டும். சவரிராயன் தோட்டத்தில் அதுதான் நடைமுறை. வீட்டிலிருந்து திராட்சைக் கொடிகளுக்குப் போகிற இரும்புப் படலில் ஒரு நுகர்பலகை பொருத்தியிருந்தார்கள். உள்ளங்கையை அதில் பதித்தால் தோலில் சோப்பு பட்டிருக்கிறதா, களிம்பு தடவியிருக்கிறதா, வியர்வையில் மாத்திரை வாடை ஏதும் கலந்திருக்கிறதா என்று அது மோந்து பார்க்கும். ஒன்றும் இல்லையென்றால் பச்சை விளக்கு எரியும், படல் திறக்கும்.

அன்றைக்கும் மூன்று பேரும் வரிசையாக நின்று கை காட்டினார்கள். முதலில் தெக்லா. தோட்டத்து நிர்வாகம் முழுக்க அவள் பொறுப்பு. அடுத்து அவளுடைய தம்பி இன்னாசி. கடைசியாக இன்னாசியின் மனைவி லெயோனி. ஜூலை மாத வெயில் எட்டு மணிக்கே மண்டையைப் பிளக்க ஆரம்பித்துவிடும் என்பதால் அதற்குள் இலை கிள்ளி முடிக்க வேண்டும். லெயோனிக்கு இரண்டு முழங்காலும் வலித்தன. வலிக்குத் தைலம் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் பலகை மோந்துவிடும். அதனால் வலியைத் தேய்க்காமலே நடந்தாள்.

பாரிஸுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள் அவள். கல்யாணமாகி பிரான்சின் இந்தத் தெற்குக்கு வந்த நாளிலிருந்து சோப்பு என்பதைத் தொட்டதில்லை. பிள்ளை பெற்றது மருந்தில்லாமல். கடைவாய்ப்பல்லைப் பிடுங்கியதும் மரத்துப்போக ஊசி போடாமல்தான். அந்தக் காலத்தில் ஆர்கானிக் என்றால் மண்ணில் ரசாயனம் போடாமல் இருப்பது, அவ்வளவுதான். பிறகு அந்தச் சட்டம் கொடிக்கு வந்தது, நிலவறைக்கு வந்தது, கடைசியில் வேலை செய்கிறவர்களின் உடம்பிலும் ஏறி உட்கார்ந்துகொண்டது. மூச்சுக்கு இன்னும் சட்டம் வராத வரைக்கும் புண்ணியம் என்று லெயோனி நினைத்துக்கொள்வாள்.

இதெல்லாம் எதற்கு என்று கேட்டால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். தொற்றுநோய் காலத்தில் அரசாங்கம் ஊர் ஊராக வானத்திலிருந்து தூய்மைப்பனி தெளித்தது. நோய் ஒழிந்தது. கூடவே திராட்சைத் தோலிலும் நிலவறைச் சுவரிலும் காலகாலமாகக் குடியிருந்த ஈஸ்ட்டும் ஒழிந்தது. பழத்தைப் பிழிந்து வைத்தால் பொங்கவில்லை, சாறு சாறாகவே கிடந்து பூசணம் பிடித்தது. பாக்கெட்டில் அடைத்த ஈஸ்ட்டை வாங்கிப் போட்டார்கள். எல்லா ஒயினும் ஒரே மாதிரி ருசித்தது. ஒரே மாதிரிதானே என்று பிறகு திராட்சையையே விட்டுவிட்டார்கள். இப்போது வீட்டுக்கு வீடு தொகுப்பி இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் சிவப்பு ஒயின் கொட்டுகிறது.

சவரிராயன் வீட்டுத் தொட்டி மட்டும் அந்த வருஷமும் பொங்கியது. காரைக்காலிலிருந்து பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போனவர் சவரிராயன். வெயிலுக்குப் பயந்து வெள்ளைக்காரர்கள் வடக்கே ஓடியபோது, நமக்கு வெயில் என்ன புதுசா என்று இந்தத் தோட்டத்தை வாங்கினார். பனி தெளித்த அன்றைக்கு நிலவறையில் முழங்கை வரை பழச்சாற்றில் கையை விட்டுக்கொண்டு நின்றிருந்தாராம். ஈஸ்ட் அவர் கையில் பிழைத்துக்கொண்டது. தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரிதானே இது என்று வீட்டில் அதற்கு உறை என்றே பேர் வந்தது. அது வாழ்கிற கை உறைக்கை.

அந்தக் கை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. நுகர்பலகைக்கு மருந்து வாடை தெரியுமே தவிர உறை தெரியாது. கையைச் சுரண்டி எடுத்துப்போன விஞ்ஞானிகளின் குப்பியில் அது போகிற வழியிலேயே செத்துப்போனது. தொட்டியில் கை வைத்துப் பிசைந்து, பொங்கினால் உண்டு, பொங்காவிட்டால் இல்லை. லெயோனியின் மாமனார் சவரிராயனுக்கு இருந்தது. தெக்லாவுக்குச் சின்ன வயதிலேயே வயிற்றில் ஆபரேஷன். அதில் கொடுத்த மருந்தில் கை செத்துவிட்டது. மிச்சம் இன்னாசி ஒருவர்தான்.

ஒரு பருவம் தொட்டி பொங்காவிட்டால், உயிருள்ள ஒயின் செய்கிற தோட்டம் என்று அரசாங்கம் தந்த உயிர்ச்சான்று ரத்து. சான்று போனால் நீர்வாரியம் தருகிற நீர்ப்பங்கு போய்விடும். மழை என்பதைச் செய்தியில் மட்டும் பார்க்கிற ஊரில் நீர்ப்பங்கு போனால் கொடி அந்தக் கோடையைத் தாண்டாது. அத்தனையும் கரிஞான் என்கிற வகைத் திராட்சைக் கொடிகள், சவரிராயன் வாங்கும்போதே கிழடுகள். தொடை கனத்துக்கு முறுக்கி நிற்கும். குலை கொஞ்சமாகத்தான் தரும், ஆனால் ஒவ்வொரு பழத்திலும் அப்படி ஒரு சாரம். லெயோனிக்கு இந்தத் தோட்டத்தின் மேல் ஆயிரம் கோபம் உண்டு. கொடிகள் மேல் மட்டும் கோபம் வந்ததில்லை.

அன்றைக்கு நாலாவது வரிசையில் அவள் இலை கிள்ளிக்கொண்டிருந்தபோது தெக்லாவின் குரல் கேட்டது.

"லெயோனி! ஏ லெயோனி! ஓடியா, வந்து இவன் நெத்தியத் தொட்டுப் பாரு!"

ஓடினாள். இன்னாசி கொடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த வெயிலில் அவருக்கு உடம்பு நடுங்கியது. நெற்றி அடுப்பாகச் சுட்டது.

"அய்யோ, என்ன அண்ணி இப்படிக் கொதிக்குது?"

"கொதிக்காம? உறைக்காய்ச்சல்டி!" தெக்லா கையைத் தட்டினாள். "அப்பாவுக்கு வருமே, அதேதான்! அறுவடைக்கு ஒரு வாரம் இருக்கையில வரும். அப்படி வந்த வருஷத்து ஒயினத்தான் இன்னும் பேசுறாங்க. என் ராசா! உப்புச்சப்பில்லாத கை, உப்புச்சப்பில்லாத கைன்னு உன்ன எத்தன தடவ சொல்லிருப்பேன். என் வாயில நானே போட்டுக்கணும்!"

இன்னாசி பல் கிட்டிக்க நடுங்கிக்கொண்டே சிரித்தார். பரீட்சையில் தேறிய பையனுக்கு வருகிற சிரிப்பு. அவர் பிசைந்த தொட்டியும் வருஷா வருஷம் பொங்கத்தான் செய்தது. ஒயின் நல்ல ஒயின்தான். ஆனால் அப்பாவுக்கு வந்த காய்ச்சல் அவருக்கு ஒரு வருஷமும் வந்ததில்லை. அது அவருக்குள் எவ்வளவு பெரிய குறை என்று லெயோனிக்குத் தெரியும். அறுவடை நெருங்க நெருங்க, யாருக்கும் தெரியாமல் தன் கழுத்தைத் தானே தொட்டுப் பார்த்துக்கொள்வார் மனுஷன்.

அவரைத் தாங்கிப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போகும்போதுதான் அவள் வலது கட்டைவிரலைக் கவனித்தாள். வீங்கிப் பளபளவென்று இருந்தது.

"இது என்னங்க?"

"கொடி வெட்டுற கத்திரி கீறிருச்சு. அது கெடக்குது."

அவள் சட்டைக் கையைச் சுருட்டினாள். விரலிலிருந்து ஒரு சிவப்புக் கோடு மணிக்கட்டைக் கடந்து, முழங்கையைக் கடந்து மேலே ஏறியிருந்தது. லெயோனி உடனே திரையைப் போட்டு மகளைக் கூப்பிட்டாள்.

மகள் செலின் லீல் நகரத்தில் டாக்டர். பதினெட்டு வயதில், போதும் இந்தக் கை காட்டுகிற பிழைப்பு என்று போனவள். வெளியாள் ஆகிவிட்டதால் தோட்டத்துக்குள் வர முடியாது. திரையில்தான் பார்ப்பாள். லெயோனி இன்னாசியின் கையைத் திரைக்கு முன்னால் தூக்கிக் காட்டினாள். செலின் ஒரே பார்வைதான் பார்த்தாள்.

"அம்மா, இது உறைக்காய்ச்சலும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. ரத்தத்துல விஷம் ஏறுது. இன்னிக்கே ஊசி போடணும்."

"அறுவடைக்கு ஒரு வாரம்தான்மா இருக்கு," என்று தெக்லா பின்னாலிருந்து சொன்னாள். "பிசைஞ்சு முடிச்சதும் போட்டுக்கட்டுமே?"

"அத்தை, நாளைக்குன்னா நான் டாக்டரா வர வேண்டாம். மகளா வந்தாப் போதும்."

தெக்லாவின் முகம் செத்துப்போனது. அவள் கெட்டவள் இல்லை. தம்பியைத் தூக்கி வளர்த்தவள். காயாக இருக்கிற குலைகளையாவது இப்போதே பிசையச் சொல்லலாமா என்று வாய்க்குள்ளேயே கேட்டாள். காயில் உறை நிற்காது என்பதும் அவளுக்கே தெரியும். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

தோட்டத்து எல்லை மைல்கல்லுக்கு மருந்து ட்ரோனை அனுப்புகிறேன் என்றாள் செலின். அது வந்து நிற்கும். அதன் கையே ஊசி போடும். ஊசி போட்டுக்கொண்டவர் அங்கிருந்து தோட்டத்துக்குள் திரும்பக் கூடாது. ஏழு வருஷம் வெளியாள். அதற்குப் பிறகு வந்தாலும், தெக்லாவின் கையைப் போல, உறை செத்த கைதான்.

இன்னாசி முடியாது என்றார்.

"அப்பாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சு. அவ சின்னப் பொண்ணு, அவளுக்கு என்ன தெரியும்?"

"அவ டாக்டருங்க. உங்கப்பாவுக்குக் கையில கோடு இருந்துச்சா?"

"நான் ஊசி போட்டுக்கிட்டா யாரு பிசையுறது? அக்காவா? நீயா?" பேசுவதற்கே அவருக்கு மூச்சு வாங்கியது. "ஒரு வாரம், ரெஜி... சே, லெயோ. ஒரு வாரம் பொறுத்துக்க."

ரெஜி என்பது அவர்கள் வளர்த்துச் செத்துப்போன நாயின் பேர். பேர் குழறுகிற அளவுக்குக் காய்ச்சல் தலைக்கு ஏறிவிட்டது. லெயோனி கெஞ்சினாள், சண்டை போட்டாள், செலின் பெற்ற பேரப்பிள்ளையைச் சொல்லிப் பார்த்தாள். எதற்கும் மனுஷன் மசியவில்லை. சாவுக்குப் பயப்படுகிறவராக இருந்தால் பயமுறுத்தலாம். இவருக்குச் சாவு கண்ணிலேயே படவில்லை. அப்பா மாதிரி ஆகிவிட்டோம் என்கிற சந்தோஷத்தில் கண் இரண்டும் பளபளவென்று இருந்தன. அந்தச் சந்தோஷத்தை உடைக்காமல் இவரைக் காப்பாற்ற வழியில்லை என்று அவளுக்குப் புரிந்தது. அவள் ரொம்பக் களைத்திருந்தாள். வேறு எதையும் யோசிக்கத் தெம்பில்லை.

"போன வருஷம் உங்க தொட்டி பொங்கவே இல்லைங்க," என்றாள்.

இன்னாசி திரும்பிப் பார்த்தார்.

"என்ன சொல்ற?"

"காடி போடலாம்னு உதிரிப் பழத்த ஒரு பானையில நான் பிசைஞ்சு வச்சிருந்தேன். அது நொரை தள்ளிப் பொங்குது. உங்க தொட்டி குளம் மாதிரி அசையாமக் கெடக்குது. நீங்க எந்திரிச்சு வர்றதுக்குள்ள பானையக் கொண்டுபோய்த் தொட்டியில கவுத்துட்டேன். அப்புறந்தான் பொங்குச்சு."

"அதுக்கு முந்தின வருஷம்?"

"முந்தின வருஷமும்தான்."

"அதுக்கும் முந்தி?"

"அத நான் பாக்கல. இத்தன வருஷம் உங்க கையப் பிடிச்சிருக்கேன். எப்பவோ எனக்கு வந்துருச்சு. உங்க கையில இப்ப இல்லைங்க. இது வெறும் காய்ச்சல்."

பொய். அப்பட்டமான பொய். அவள் எந்தப் பானையிலும் எதையும் பிசைந்ததில்லை. போன வருஷமும், அதற்கு முந்தின வருஷமும் அவர் தொட்டி ஜம்மென்று பொங்கியதை அவளே பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். இருந்தும் சொல்ல ஆரம்பித்ததும் பானையும் நுரையும் தன்னால் வந்து நாக்கில் நின்றன.

இன்னாசி தன் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். சண்டை போடுவார், பொய் என்று கத்துவார் என்று அவள் எதிர்பார்த்தாள். கத்தவில்லை. ரொம்ப நாளாகவே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த ஒன்றை யாரோ வாய்விட்டுச் சொல்லிவிட்ட மாதிரி, மெல்லத் தலையை ஆட்டினார். அவர் அதை அவ்வளவு லேசாக நம்பியதுதான் லெயோனிக்கு நெஞ்சை அறுத்தது.

"அக்கா சொன்னது சரிதான்," என்றார். "உப்புச்சப்பில்லாத கை."

பிறகு எழுந்து நிற்க முயன்றார். "ட்ரோன் வந்துருச்சான்னு பாரு."

எல்லை மைல்கல் வரைக்கும் அவளும் தெக்லாவும் அவரை நடத்திக் கூட்டிப்போனார்கள். ட்ரோன் ஊசி போட்டது. ஆஸ்பத்திரி வண்டி வந்து ஏற்றிக்கொண்டது. ஊசி போட்ட பிறகு அவரைத் தொடக் கூடாது. அதனால் லெயோனி புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு சும்மா நின்றாள். அவர் வண்டிக்குள்ளிருந்து திரும்பிப் பார்ப்பார் என்று நினைத்தாள். அவர் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து தெக்லா அவளை நடத்தின விதத்தைச் சொன்னால் சிரிப்பு வரும். வாசற்படியில் நின்று பானைக் கதையை ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருந்தாள் அவள். மருமகளாக வந்தவளை இத்தனை காலம் ஏ, இந்தா என்று கூப்பிட்டவள், இப்போது காபியை ஆற்றிக் கையில் கொடுத்தாள். "கை சுட்டுக்கப்போவுது, மெதுவாப் பிடி," என்றாள். கத்திரியைத் தொடவிடவில்லை. விறகு அள்ளவிடவில்லை. ஒரு நாள் லெயோனியின் வலது கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "இந்தக் கைய வீட்டுலயே வச்சுக்கிட்டு நான் எங்கெங்கயோ பாத்தேன்டி," என்று அழுதாள். லெயோனிக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து தன்னை விழுங்கினால் தேவலாம் என்றிருந்தது.

உண்மையைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் யார் கண்டது? முப்பத்தாறு வருஷம் கூடவே படுத்து எழுந்தவளுக்கு ஒரு துளியாவது ஒட்டியிருக்காதா? அந்த நப்பாசையைப் பிடித்துக்கொண்டு அவள் அறுவடை வரைக்கும் வாயை மூடிக்கொண்டிருந்தாள். கை காட்டும்போதெல்லாம் பச்சை விளக்கு எரிந்தது. பச்சை எரிந்து என்ன, கை சுத்தமாக இருக்கிறது என்றுதானே அதற்கு அர்த்தம்.

அறுவடை அன்றைக்குப் பழம் அருமையாக இருந்தது. கறுப்பும் நீலமுமாக, வாயில் போட்டால் தோல்கூட இனித்தது. லெயோனி முழங்கை வரை தொட்டியில் கையை விட்டுப் பிசைந்தாள். பிசையப் பிசைய இடுப்பு விட்டுப்போயிற்று. பொங்கு, பொங்கித் தொலையேன் என்று மனசுக்குள் மன்றாடிக்கொண்டே பிசைந்தாள்.

தொட்டி பொங்கவில்லை. தெக்லா காலையிலும் சாயங்காலமும் வந்து தொட்டியில் காதை வைத்துக் கேட்டாள். பொங்குகிற தொட்டிக்குள் தூரத்து மழை மாதிரி ஒரு சத்தம் இருக்கும். இதற்குள் ஒன்றுமே இல்லை. நாள் போகப் போகச் சாற்றின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் கட்டியது. ஈ மொய்த்தது. அந்த வாடை வந்த அன்றைக்குத் தெக்லா காதை எடுத்துவிட்டு நிமிர்ந்து லெயோனியைப் பார்த்தாள்.

"பானையெல்லாம் பொய்தானே?"

"ஆமா அண்ணி."

"ஒரு வருஷங்கூடப் பிசைஞ்சதில்ல?"

"இல்ல."

தெக்லா கத்தவில்லை. தொட்டியோரம் தரையிலேயே உட்கார்ந்து, "போச்சே, கொடியெல்லாம் போச்சே," என்று தொடையில் அடித்துக்கொண்டாள். லெயோனியும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். உள்ளே திரையில் நீர்வாரியத்தின் தானியங்கிக் குரல், அடுத்த திங்கள்கிழமை முதல் குழாய் மூடப்படும் என்று மரியாதையாக அறிவித்துக்கொண்டிருந்தது. மரியாதைக்கு மட்டும் அங்கே குறைவே இல்லை.

வெகுநேரம் கழித்துத் தெக்லா மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டாள்.

"தம்பி எப்படி இருக்கான்?"

"செலின் வீட்டுக்கு வந்துட்டாருண்ணி. கை ஆறிருச்சு. ரெண்டு தட்டு சோறு சாப்பிடுறாராம்."

"ரெண்டு தட்டா?"

"மூணாவது கேட்டாராம். அவதான் குடுக்கலியாம்."

தெக்லா புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு லெயோனி எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னாள்.

"அவன்கிட்ட உண்மையச் சொல்லிராத."

"ஏன் அண்ணி? தன் கைதான் நல்ல கைன்னு தெரிஞ்சா அவருக்கு..."

"சந்தோஷம்தான் வரும். ஒரு நிமிஷம். அப்புறம்? தான் பிழைச்சதாலதான் கொடி செத்துச்சுன்னு தெரியும்ல. அவன் எங்க அப்பாவோட புள்ளைடி. அத வச்சிக்கிட்டு அவனால திங்கவும் முடியாது, தூங்கவும் முடியாது. உசிரோட இருக்கறதுக்கே வெக்கப்படுவான்." அவள் எழுந்து பாவாடை மண்ணைத் தட்டினாள். "தோட்டம் போனது உன் கையாலன்னு சொல்லு. உறை உன் கையில இருந்துச்சு, இந்த வருஷம் ஏமாத்திருச்சுன்னு சொல்லு. உன்னத் திட்டட்டும். உனக்கு ஒண்ணும் ஆயிராது."

அன்றைக்குச் சாயங்காலமே லெயோனி திரையைப் போட்டாள். தெக்லா கண்ணில் படாமல் ஓரமாக நின்றுகொண்டாள். இன்னாசி திரையில் வந்தார். கன்னம் தேறியிருந்தது. ஊசி போட்டுக்கொண்ட பிறகு அவளிடம் பேசவே பேசாதவர், செலின் வற்புறுத்தி உட்காரவைத்திருக்க வேண்டும், எங்கேயோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பொங்கலைங்க," என்றாள் லெயோனி. "என் கை ஏமாத்திருச்சு."

அவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"ஏமாத்திருச்சா? எப்படிப் பிசைஞ்ச? காம்பு நீக்குனியா இல்லியா?"

"நீக்குனேங்க."

"எல்லாத்தையும் நீக்குனியா? கொஞ்சம் விடணும்னு எத்தன தடவ சொல்லிருக்கேன்! வெயில் ஏறுனதுக்கப்புறம் பறிச்ச பழமா? ஆமாவா? அறிவிருக்கா உனக்கு? பானையில பிசைஞ்சியாம் பானையில. பானையும் தொட்டியும் ஒண்ணா? எங்கப்பா வாங்குன கொடிடி அது! ஒரு வருஷம், ஒரே ஒரு வருஷம் உன்ன நம்பி விட்டுட்டு வந்தா..."

பின்னாலிருந்து செலின், "அப்பா, மெதுவா, மெதுவா," என்றாள். அவர் கேட்கவில்லை. முகம் சிவக்க, கையை வீசி வீசிப் பேசினார். அந்தக் கையில் வீக்கம் வடிந்து, கோடு இருந்த இடமே தெரியவில்லை. மூச்சு வாங்கவில்லை, நாக்குக் குழறவில்லை. குரல் கணீரென்று இருந்தது.

"ஆமாங்க, என் தப்புதான்," என்றாள் லெயோனி.

சொல்லிவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுச் சாய்ந்து உட்கார்ந்தாள். ஓரத்தில் நின்ற தெக்லாவும் ஓசைப்படாமல் வந்து அவள் காலடியில் உட்கார்ந்துகொண்டாள். இன்னும் கொஞ்ச நேரம் திட்டட்டும் என்று இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.